தோலில் தோன்றும் நிணநீர்ப் புற்றுநோய்: கண்டறிதலும் சிகிச்சையும்

தோலில் தோன்றும் நிணநீர்ப் புற்றுநோய் என்பது தோலின் சொந்த உயிரணுக்களில் உருவாகும் புற்றுநோய் அன்று. உடலின் நோய் எதிர்ப்புப் பணிக்காகத் தோலுக்குள் வந்து செல்லும் லிம்போசைட் எனப்படும் வெள்ளணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகித் தோலிலேயே தங்கிவிடுவதால் இந்நோய் ஏற்படுகிறது. மருத்துவர்கள் இதனைத் தோல் லிம்போமா என்று குறிப்பிடுவர். நிணநீர்க்கணுக்களில் தொடங்கும் லிம்போமாவிலிருந்து இது வேறுபட்டது. பெரும்பாலான வகைகள் மெதுவாக வளர்பவை. தொடக்க நிலையில் கண்டறியப்பட்டால் பல்லாண்டுகள் கட்டுக்குள் வைத்திருக்கக் கூடியவை.

இது அரிதான நோய். அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேடுகளின்படி, டி-செல் வகைத் தோல் லிம்போமா ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் பேரில் ஏறத்தாழ ஆறு பேருக்குப் புதிதாகக் கண்டறியப்படுகிறது. அரிதாக இருப்பதனாலேயே இந்நோய் பிற தோல் நோய்களாகக் கருதப்பட்டுக் காலம் கடந்துவிடுகிறது. முதல் அடையாளம் தோன்றியதிலிருந்து நோய் உறுதிசெய்யப்படும் வரை மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆவது உலகெங்கும் காணப்படும் நிலை. தூத்துக்குடி முதல் மணப்பாடு, பெரியதாழை வரையிலும், வடக்கே வைப்பாறு, வேம்பார் வரையிலும் உள்ள கடற்கரை மக்களுக்கு இந்தத் தாமதம் கூடுதலாக நேரக் கூடும். அதற்கான காரணங்கள் கீழே விளக்கப்பட்டுள்ளன.

நோயின் பெயரும் அதனால் வரும் குழப்பமும்

தோல் லிம்போமாக்களில் ஏறத்தாழ பாதி, மைக்கோசிஸ் பங்காய்டிஸ் என்னும் ஒரே வகையைச் சேர்ந்தவை. இப்பெயரில் உள்ள 'பங்கஸ்' என்னும் சொல்லைக் கண்டு, இது பூஞ்சைத் தொற்று என்று பலர் எண்ணிவிடுகின்றனர். பாரிஸ் நகரின் மருத்துவர் ழான் லூயி அலிபேர் 1806இல் இந்நோயை முதன்முதலாக விவரித்தபோது, நோயாளியின் உடலில் இருந்த கட்டிகள் காளான் போலக் காட்சியளித்தமையால் அவ்வாறு பெயரிட்டார். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. பூஞ்சைக்கும் இந்நோய்க்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அறிக்கையில் இப்பெயரைக் கண்டவுடன் மருந்துக்கடையில் பூஞ்சைக் களிம்பு வாங்குவது பயனற்றது.

இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. ஒரே பாயில் படுத்தல், ஒரே துண்டைப் பயன்படுத்துதல், தொடுதல், தாம்பத்தியம் ஆகிய எதனாலும் பரவாது. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும் பரம்பரை நோயாகவும் இது கருதப்படுவதில்லை. மீன், கருவாடு, உப்பு ஆகியவற்றை உண்பதாலோ உப்பளத்தில் வேலை செய்வதாலோ இந்நோய் வருவதாக நிறுவப்படவில்லை. தொழிற்சாலைப் புகை, அனல்மின் நிலையச் சாம்பல் பற்றியும் இப்பகுதி மக்கள் வினவுகின்றனர். தொழில்வழி இரசாயனங்களைக் குறித்து உலகில் பல ஆய்வுகள் நடந்துள்ள போதிலும், மைக்கோசிஸ் பங்காய்டிஸ் நோய்க்கு உறுதியான காரணமாக எதுவும் நிலைநாட்டப்படவில்லை. ஆதலால், "நான் செய்த எதனால் இது வந்தது?" என்று நோயாளி தம்மைத் தாமே வருத்திக்கொள்ள வேண்டியதில்லை.

நோய் எவ்வாறு தொடங்குகிறது?

மைக்கோசிஸ் பங்காய்டிஸ் பொதுவாக மூன்று படிகளில் தோன்றும். முதலில் தோலோடு சமமான, மெல்லிய செதில்கள் உடைய திட்டுகள் தோன்றும். சிலருக்குப் பின்னர் அவை தடித்து, தொட்டால் மேடாக உணரும் தகடுகளாகும். இன்னும் சிலருக்கு மட்டும் கட்டிகள் எழும். எல்லா நோயாளிகளும் மூன்று படிகளையும் கடப்பதில்லை. பலர் வாழ்நாள் முழுவதும் முதற்படியிலேயே இருந்துவிடுகின்றனர்.

திட்டுகள் முதலில் தோன்றும் இடம் முக்கியமானது. வெயில் படாத, ஆடை மறைக்கும் பகுதிகளான இடுப்பு, பிட்டம், தொடையின் மேற்புறம், அடிவயிறு, அக்குளை ஒட்டிய பகுதி, பெண்களுக்கு மார்பகம் ஆகியவற்றில் அவை பெரும்பாலும் தொடங்குகின்றன. முகத்திலும் முன்கையிலும் நாள் முழுதும் வெயில் வாங்கும் உப்பளத் தொழிலாளிக்கும் திட்டு எழுவது கைலிக்கும் சேலைக்கும் அடியில்தான். அந்த இடங்களைப் பிறர் காண்பதில்லை. நோயாளியும் காட்டத் தயங்குவார்.

கடற்கரையில் இன்னொரு சிக்கலும் உண்டு. வல்லத்திலும் விசைப்படகிலும் தொழில் செய்வோர், சங்கு குளிப்போர், மீன் ஏலக்கூடத்தில் நிற்போர் ஆகியோர் நனைந்த ஆடையுடன் பல மணி நேரம் இருக்க நேர்கிறது. இக்கரையில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுவிட்டாலும் சங்கு குளிப்பு தொடர்கிறது. உப்பும் வியர்வையும் ஈரமும் சேர்ந்து இடுப்பிலும் தொடை இடுக்கிலும் படர்தாமரையை உண்டாக்குவது இங்கு அன்றாடக் காட்சி. தோல் லிம்போமா தொடங்கும் இடமும் ஏறத்தாழ அதுவே ஆதலால், திட்டைக் கண்டவுடன் படர்தாமரை என்று முடிவுசெய்து களிம்பு தடவிவிடுகின்றனர். நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேருக்கு மேல் அது உண்மையிலேயே படர்தாமரையாகவோ கரப்பானாகவோதான் இருக்கும் என்பதையும் கூற வேண்டும். ஒவ்வொரு திட்டையும் புற்றுநோயென அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் உரிய மருந்துக்குப் பின்னும் போகாத திட்டை அப்படியே விட்டுவிடவும் கூடாது.

கருத்த தோலில் அடையாளங்கள்

மருத்துவ நூல்களில் உள்ள படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் காணப்படும் சிவந்த திட்டுகளைக் காட்டுகின்றன. நம் மக்களின் தோலில் அதே நோய் கரும்பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ ஊதா கலந்தோ தோன்றலாம். நிறம் குறைந்த வெளிறிய திட்டுகளாக வெளிப்படும் ஒரு வகையும் உண்டு. இவ்வகை கருத்த தோல் உடையோரிடமும், சிறுவர்களிடமும் இளைஞர்களிடமும் மிகுதியாகக் காணப்படுகிறது. பொதுவாக மைக்கோசிஸ் பங்காய்டிஸ் ஐம்பது வயதைக் கடந்தோரின் நோய் எனினும், இந்த வெளிறிய வகைக்கு அவ்விதி பொருந்தாது.

வெளிறிய திட்டைக் கண்டால் நம்மூரில் மூன்று பெயர்கள் உடனே நினைவுக்கு வருகின்றன: தேமல், வெண்புள்ளி, தொழுநோய். வெண்புள்ளியில் நிறம் முழுவதுமாக நீங்கிப் பால்போல் வெண்மையாகும், செதில் இராது. தேமல், பூஞ்சை மருந்தால் சில வாரங்களில் அடங்கும், நிறம் திரும்பச் சற்றுக் காலம் பிடிக்கும். தொழுநோய்த் திட்டில் உணர்ச்சி குறைந்திருக்கும், நரம்புகள் தடித்திருக்கலாம். தோல் லிம்போமாவின் வெளிறிய திட்டில் உணர்ச்சி மாறாமல் இருக்கும். நிறம் குறையுமே தவிர முற்றிலும் நீங்காது. மெல்லிய செதிலும் சுருக்கமும் காணப்படலாம். இவ்வேறுபாடுகளை வைத்து வீட்டில் முடிவு செய்ய இயலாது. ஆயினும் தொழுநோய்க்கான கூட்டு மருந்துச் சிகிச்சையை முழுமையாக எடுத்துக்கொண்ட பின்னும் புதிய திட்டுகள் தோன்றிக்கொண்டே இருந்தால், அதனைத் தோல் மருத்துவரிடம் தெரிவித்து, திசு ஆய்வு தேவையா எனக் கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு.

கீழ்க்காணும் நிலைகளில் காலம் தாழ்த்தாமல் தோல் மருத்துவரை அணுகுக:

– ஆடை மறைக்கும் இடங்களில் உள்ள திட்டுகள், முறையான சிகிச்சைக்குப் பின்னும் ஆறு மாதத்திற்கு மேல் நீடித்தல் அல்லது போய்ப்போய் அதே இடத்தில் மீண்டும் வருதல்.
– திட்டு தடித்தல், அதன்மேல் கட்டி எழுதல், புண்ணாதல்.
– உடல் முழுதும் தோல் சிவந்தோ கருத்தோ செதிலுதிர்தல், உறக்கத்தைக் கெடுக்கும் அரிப்பு.
– அக்குள், கழுத்து, தொடை இடுக்கில் நெறிகட்டி, அது குறையாதிருத்தல்.
– காளாஞ்சகப்படை அல்லது கரப்பான் என்று சொல்லப்பட்ட நோய், மருந்துக்கு அடங்காமல் மேன்மேலும் பரவுதல்.

இறுதியாகக் கூறியது தனிக் கவனத்திற்குரியது. காளாஞ்சகப்படைக்கும் கரப்பானுக்கும் சில வேளைகளில் நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகள் தரப்படுகின்றன. உண்மையில் இருப்பது லிம்போமாவாயின், அம்மருந்து நோயை விரைவுபடுத்தக் கூடும். ஆகவே அத்தகைய மருந்தைத் தொடங்குமுன், நோய் ஐயத்திற்கு இடமானதாயின், திசு ஆய்வு செய்துகொள்வது நலம்.

கடையில் வாங்கும் களிம்புகள்

படர்தாமரைக்கு என்று கடைகளில் விற்கப்படும் கலவைக் களிம்புகள் பலவற்றில் பூஞ்சை மருந்தோடு வீரியமிக்க ஸ்டீராய்டும் கலந்துள்ளது. தடவியவுடன் அரிப்பு நிற்கும், திட்டு மங்கும். நிறுத்தியவுடன் திரும்ப வரும். படர்தாமரை உள்ளவருக்கு இது நோயை வேரூன்றச் செய்கிறது. லிம்போமா உள்ளவருக்கு அதைவிடப் பெரிய தீங்கு நேர்கிறது: ஸ்டீராய்டு அந்த வெள்ளணுக்களைத் தற்காலிகமாக மறையச் செய்வதால், திசு ஆய்வில் நோய் தென்படாமல் போகலாம். வீரியமிக்க ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்பது சட்டப்படி தடை செய்யப்பட்டதாகும். இதற்கு முன் எந்தக் களிம்பைப் பயன்படுத்தியிருந்தாலும் அதன் குழாயையோ அட்டையையோ எறிந்துவிடாமல் மருத்துவரிடம் காட்டுக. நாட்டு மருந்து, சித்த மருந்து எடுத்திருந்தால் அதனையும் மறைக்காமல் கூறுக. இதற்காக எவரும் கடிந்துகொள்ளப் போவதில்லை. சரியான விடை கிடைக்க அத்தகவல் தேவை.

திசு ஆய்வு

இந்நோயை இரத்தப் பரிசோதனையாலோ ஸ்கேனாலோ மட்டும் உறுதிசெய்ய இயலாது. தோலிலிருந்து சிறு பகுதியை எடுத்து நுண்ணோக்கியில் காண்பதே அடிப்படை. மரப்பு ஊசி போட்ட பின், நான்கு முதல் ஆறு மில்லிமீட்டர் அகலமுள்ள வட்ட வடிவத் தோல்துண்டு எடுக்கப்படும். ஒன்று அல்லது இரண்டு தையல் போடப்படும். அன்றே வீடு திரும்பலாம். தையல் பிரிக்கும் வரை கடலில் இறங்குதல், உப்புப் பாத்தியில் நிற்றல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.

"கத்தி பட்டால் புற்று பரவிவிடும்" என்னும் அச்சம் பரவலாக உள்ளது. தோல் லிம்போமாவைப் பொறுத்தவரை இதற்கு எந்த அடிப்படையும் இல்லை. கத்தி படாமல் இருந்தமையால் நோய் அறியப்படாமல் போனவர்களே மிகுதி.

ஆய்வுக்கு முன்னர் இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஸ்டீராய்டு களிம்பை நிறுத்துமாறு மருத்துவர் கூறுவார். அந்நாட்களில் அரிப்பு கூடலாம். பொறுத்துக்கொள்ள முடியாவிட்டால் மருத்துவரிடம் கூறி வேறு வழி கேட்க வேண்டுமே அன்றி, களிம்பை மறைவாகத் தடவிக்கொள்ளக் கூடாது. பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களிலிருந்து துண்டுகள் எடுக்கப்படும்.

முதல் அறிக்கையில் "உறுதியாகக் கூற இயலவில்லை", "லிம்போமாவாக இருக்கலாம்", "நாட்பட்ட தோல் அழற்சி" என்று வந்தால் அது ஆய்வகத்தின் தவறன்று. தொடக்க நிலையில் நோயுற்ற வெள்ளணுக்கள் மிகக் குறைவாக இருக்கும். அழற்சியால் வந்த சாதாரண வெள்ளணுக்களின் கூட்டத்தில் அவை கலந்திருக்கும். நோயுற்ற அணுக்கள் தோலின் மேலடுக்கிற்குள் ஏறிச் சிறு கூட்டமாகத் தங்கியிருப்பதைக் கண்டால் நோய்க்குறியியல் வல்லுநருக்கு ஐயம் வலுக்கும். ஆனால் எல்லாத் துண்டுகளிலும் அது தென்படுவதில்லை. எனவே சில மாதங்கள் கழித்து மறுபடியும் திசு ஆய்வு செய்வது இந்நோயில் இயல்பான நடைமுறை. இரண்டு, மூன்று முறை செய்த பின்னரே விடை கிடைத்த நோயாளிகள் பலர். மறு ஆய்வுக்கு அழைத்தால் செல்லத் தவறாதீர்கள்.

அடுத்த கட்டமாக அதே திசுவில் சிறப்புச் சாயப் பரிசோதனை செய்யப்படும். அணுக்களின் மேற்பரப்பில் உள்ள சி.டி.3, சி.டி.4, சி.டி.8, சி.டி.7, சி.டி.20, சி.டி.30 போன்ற அடையாளங்களைக் கொண்டு அவை டி-செல் வகையா, பி-செல் வகையா, அவற்றுள் எந்த உட்பிரிவு என்பதை அறிவர். இன்னும் ஐயம் இருப்பின், அந்த அணுக்கள் அனைத்தும் ஒரே தாய் அணுவிலிருந்து பெருகியவையா என்பதைக் காட்டும் மரபணுப் பரிசோதனை பரிந்துரைக்கப்படும். இது எல்லா ஊர்களிலும் செய்யப்படுவதில்லை. அதற்காக நோயாளி பெருநகருக்குச் செல்ல வேண்டியதில்லை. திசுத் துண்டு சென்றால் போதும்.

இங்கு ஒரு நடைமுறைக் குறிப்பு: எடுக்கப்பட்ட திசு, மெழுகுக் கட்டியாக ஆய்வகத்தில் பாதுகாக்கப்படுகிறது. வேறு மருத்துவமனையில் இரண்டாவது கருத்துப் பெற விரும்பினால், அறிக்கைத் தாளை மட்டும் கொண்டு செல்லாமல், மெழுகுக் கட்டியையும் கண்ணாடித் தகடுகளையும் எழுத்து மூலம் கேட்டுப் பெற்றுச் செல்லுங்கள். அவை இருந்தால் பல நேரங்களில் மறுபடியும் தோலை வெட்ட வேண்டியிராது. அவற்றை வெயிலிலோ வண்டியின் பெட்டிக்குள்ளோ வைக்கக் கூடாது, மெழுகு உருகிவிடும்.

நோயின் நிலையை அறிதல்

நோய் உறுதியானதும், அது தோலில் எவ்வளவு பரவியுள்ளது, நிணநீர்க்கணு, உள்ளுறுப்பு, இரத்தம் ஆகியவற்றில் உள்ளதா என்பன ஆராயப்படும். இதற்காக உச்சி முதல் உள்ளங்கால் வரை தோல் முழுவதையும் மருத்துவர் பார்க்க வேண்டும். பெண் நோயாளிகள் பெண் மருத்துவரையோ, துணைக்கு ஒரு செவிலியரையோ கேட்கலாம். நோயாளியின் விரல்களோடு சேர்ந்த உள்ளங்கைப் பரப்பு, அவர் தோலின் ஏறத்தாழ 1 விழுக்காடு எனக் கொண்டு பரவலைக் கணக்கிடுவர். திட்டுகளும் தகடுகளும் 10 விழுக்காட்டிற்குக் குறைவாக இருந்து, வேறெங்கும் நோய் இல்லையெனில் அது முதல் நிலையின் முதற்பிரிவு. இந்நிலையில் உள்ளவர்களின் ஆயுட்காலம், அதே வயதுடைய பிறரின் ஆயுட்காலத்தோடு ஏறத்தாழ ஒத்திருக்கிறது என்று நெடுங்கால ஆய்வுகள் காட்டுகின்றன. 'புற்றுநோய்' என்னும் சொல்லைக் கேட்டு நிலைகுலையும் குடும்பத்தினருக்கு இச்செய்தியை மருத்துவர் முதல் நாளிலேயே கூறுவது நல்லது; கூறாவிட்டால் "எந்த நிலை?" என்று நீங்களே கேளுங்கள்.

இரத்த அணுக்களின் எண்ணிக்கை, எல்.டி.எச். அளவு, கல்லீரல், சிறுநீரகச் செயல்பாடு, எச்.ஐ.வி. ஆகிய பரிசோதனைகள் பொதுவாகச் செய்யப்படும். சில நோயாளிகளுக்கு எச்.டி.எல்.வி.-1 என்னும் வைரசுக்கும் பரிசோதனை தேவைப்படும். அவ்வைரசால் வரும் டி-செல் இரத்தப் புற்றுநோய் தோலிலும் திட்டுகளாக வெளிப்படக் கூடும். நெறி ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் வீங்கியிருந்தால் அதிலிருந்தும் திசு எடுக்கப்படும். சில திட்டுகள் மட்டும் உள்ள தொடக்க நிலை நோயாளிக்கு சி.டி. ஸ்கேனோ பெட் ஸ்கேனோ பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. "ஸ்கேன் எடுக்கவில்லையே" என்று கவலைப்பட்டுக் கடன் வாங்கித் தனியாரிடம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சிகிச்சை

தொடக்க நிலையில் சிகிச்சை தோலுக்கு மட்டுமே. குடும்பத்தினர் பலர், "புற்றுநோய் என்கிறீர்கள், களிம்பும் விளக்கொளியும் மட்டும் தருகிறீர்களே, கீமோ ஏன் தரவில்லை?" என்று கேட்பதுண்டு. கேள்வி நியாயமானது. இதற்கு விடை தேடிய ஆய்வு ஒன்று 1989இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்டது. 103 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குத் தொடக்கத்திலேயே உடல் முழுதும் எலக்ட்ரான் கதிர்வீச்சும் கடுமையான வேதிச்சிகிச்சையும் அளித்தனர்; மற்றப் பிரிவினருக்குத் தோலுக்கான சிகிச்சையில் தொடங்கிப் படிப்படியாகத் தேவைக்கேற்ப அளித்தனர். கடுஞ்சிகிச்சை பெற்றோரிடம் பக்கவிளைவுகள் மிகுந்தன, ஆயுள் நீளவில்லை. அன்று முதல் மென்மையில் தொடங்குவதே உலகெங்கும் நெறிமுறையாக உள்ளது. மெதுவான மருந்து என்பதற்காக அது அலட்சியம் அன்று.

களிம்புகள்: மருத்துவர் குறிப்பிட்ட வீரியமுள்ள ஸ்டீராய்டு களிம்பு, நோய் உறுதியான பின் சிகிச்சையாகவே பயன்படும். கடைக் களிம்பைக் கண்டித்துவிட்டு இதனைத் தருவது முரண்பாடாகத் தோன்றலாம். இடம், அளவு, காலம் மூன்றும் வரையறுக்கப்பட்டுக் கண்காணிப்பில் தரப்படுவதே வேறுபாடு.

ஒளிச்சிகிச்சை: 311 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய குறும்பட்டைப் புறஊதா ஒளியை, பெட்டி போன்ற கருவிக்குள் நின்று உடலில் பெறும் முறை இது. மெல்லிய திட்டுகளுக்கும் வெளிறிய வகைக்கும் இது சிறப்பாகப் பயன்படுகிறது. வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று முறை எனப் பல மாதங்கள் தொடர வேண்டும். ஒவ்வொரு முறையும் சில நொடிகள் முதல் சில நிமிடங்கள் வரையே ஆகும். கண்களுக்குக் காப்புக்கண்ணாடி அணிய வேண்டும்; ஆண்கள் பிறப்புறுப்பை மூடிக்கொள்ள வேண்டும். இடையில் நாட்கள் விடுபட்டால், திரும்ப வரும்போது அதனைச் சொல்ல வேண்டும். ஒளியின் அளவைக் குறைத்துத் தொடங்காவிட்டால் தோல் வெந்துவிடும்.

"நாள் முழுதும் வெயிலில்தானே நிற்கிறோம், அதுவே போதாதா?" என்று உப்பளத் தொழிலாளர்கள் கேட்கக் கூடும். போதாது. வெயிலில் பல அலைநீளங்கள் கலந்துள்ளன. அளவைக் கட்டுப்படுத்த இயலாது. திட்டுகளோ ஆடைக்குள் உள்ளன. மேலும் ஒளிச்சிகிச்சை பெற்ற நாளில் கூடுதல் வெயில் தோலைப் புண்ணாக்கும். உப்பும் கடல்நீரும் வெயிலைத் திருப்பி அனுப்புவதால் நிழலில் நின்றாலும் முழுக்கைச் சட்டையும் தலைப்பாகையும் தேவை.

சோராலென் மாத்திரை உட்கொண்டு புறஊதா ஏ ஒளியைப் பெறும் முறையும் உண்டு. தடித்த தகடுகளுக்கு அது கூடுதல் பயன் தரும். ஆனால் மாத்திரை உண்ட நாளில் வெயிலைத் தவிர்த்து, 24 மணி நேரம் ஒளிகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும். கடலிலும் உப்பளத்திலும் வேலை செய்வோர் இதனைக் கடைப்பிடிப்பது கடினம். தங்கள் தொழிலை மருத்துவரிடம் தெளிவாகக் கூறினால் அதற்கேற்ற முறையை அவர் தேர்ந்தெடுப்பார்.

வாரம் மூன்று நாள் மருத்துவமனைக்கு வருவதென்பது மூன்று நாள் கூலியை இழப்பது என்பதை இப்பக்கம் அறியாமல் இல்லை. விசைப்படகுத் தொழிலாளர்கள், ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஒளிச்சிகிச்சையைத் தொடங்கினால், அடிக்கடி வரவேண்டிய முதற்கட்டத்தைத் தொழில் இழப்பின்றிக் கடக்கலாம். உப்பளத் தொழிலாளர்களுக்கு வடகிழக்குப் பருவமழை மாதங்கள் அவ்வாறு அமையும். எனினும் நோயை உறுதிசெய்யும் திசு ஆய்வை அக்காலம் வரை தள்ளிப்போடக் கூடாது.

கதிர்வீச்சு: தோல் லிம்போமா கதிர்வீச்சுக்கு எளிதில் அடங்குவது. ஒன்றிரண்டு கட்டிகளுக்குக் குறைந்த அளவுக் கதிர்வீச்சே போதும். சில நாட்களில் முடிந்துவிடும். உடல் முழுதும் பரவிய தடித்த நோய்க்குத் தோல் முழுமைக்குமான எலக்ட்ரான் கதிர்வீச்சு அளிக்கப்படுகிறது. இதற்குச் சிறப்பு ஏற்பாடுகள் தேவையாதலால் இந்தியாவில் சில மையங்களில் மட்டுமே கிடைக்கிறது.

உட்கொள்ளும் மருந்துகள்: தோல் சிகிச்சைக்கு அடங்காத நோய்க்கு மெத்தோட்ரெக்சேட், அசிட்ரெட்டின், இன்டர்பெரான் ஊசி ஆகியவை தரப்படும். மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்தில் ஒரே நாள் உட்கொள்ள வேண்டியது. தவறுதலாக நாள்தோறும் உண்டவர்களுக்கு வாய்ப்புண், இரத்த அணுக் குறைவு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்து நேர்ந்துள்ளது. எந்தக் கிழமை என்பதை அட்டையில் பெரிதாக எழுதி, எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரின் பொறுப்பில் மருந்தை வைக்கவும். இவ்விரு மாத்திரைகளும் கருவைப் பாதிக்கும். அசிட்ரெட்டின் நிறுத்திய பின்னும் மூன்று ஆண்டுகள் கருத்தரிக்கக் கூடாது. கருத்தரிக்க விரும்பும் பெண்கள் முன்னதாகவே மருத்துவரிடம் கூறினால், குறும்பட்டை ஒளிச்சிகிச்சை போன்ற பாதுகாப்பான வழிகள் உள்ளன.

கட்டிகள் பெருகியவர்களுக்கும், நோய் நிணநீர்க்கணு, உள்ளுறுப்புகளுக்குப் பரவியவர்களுக்கும் வேதிச்சிகிச்சையும் புதிய எதிர்ப்புரத மருந்துகளும் தேவைப்படும். செசாரி நோய் என்பது, தோல் முழுதும் சிவந்து, நோயுற்ற அணுக்கள் இரத்தத்திலும் மிகுந்திருக்கும் தீவிர வகை. இதற்கு இரத்தத்தை வெளியே எடுத்து ஒளியூட்டித் திரும்பச் செலுத்தும் முறையும் உண்டு. உடல்நிலை இடம் தரும் சிலருக்கு மாற்று எலும்புமச்சைச் சிகிச்சை பற்றி மருத்துவக் குழு பேசும்.

பிற வகைகள்

பி-செல் தோல் லிம்போமா, தலை, முதுகு, தோள் பகுதிகளில் வலியற்ற கட்டிகளாக வரும். பெரும்பாலும் மெதுவானது, கதிர்வீச்சு அல்லது அறுவைக்கு அடங்கும். முதியோரின் காலில் விரைந்து வளரும் ஒரு பிரிவு மட்டும் தீவிரமானது. அதற்கு ரிட்டுக்சிமாப் மருந்தோடு வேதிச்சிகிச்சை தேவை. தானாகவே தோன்றித் தானாகவே சில வாரங்களில் ஆறிவிடும் சிறு கொப்புளங்கள் பல்லாண்டு தொடரும் லிம்போமட்டாய்டு பாப்புலோசிஸ் என்னும் நிலையும் உண்டு. அதனால் உயிருக்கு ஆபத்து மிகக் குறைவு. எனினும் தொடர் கண்காணிப்பு வேண்டும். இளம் வயதினருக்குத் தோலுக்கடியில் கொழுப்புத் திசுவில் கெட்டியான முடிச்சுகளும் விடாத காய்ச்சலும் சேர்ந்து வந்தால் அது கொழுப்படுக்கைத் தாக்கும் டி-செல் லிம்போமாவாக இருக்கலாம். இதில் காத்திருக்கக் கூடாது.

வீட்டில் பராமரிப்பு

இந்நோயாளிகளுக்கு நேரும் உடனடி ஆபத்து பெரும்பாலும் தோல் வெடிப்பின் வழியே நுழையும் கிருமித் தொற்றே. திட்டு சூடாகி வலித்தல், சீழ், காய்ச்சல், குளிர்நடுக்கம் ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்க. திறந்த புண்ணோடு கடலில் இறங்குவதையும், இறால், மீன் ஆய்வதையும் தவிர்க்கவும். வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் சில கிருமிகள், எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்குக் கடுமையான தொற்றை உண்டாக்கும். கடலிலிருந்து வந்ததும் நன்னீரில் கழுவி, ஈரம் முழுதும் உலருமுன் வெள்ளை வாசலின் அல்லது தேங்காய் எண்ணெய் தடவுவது அரிப்பைக் குறைக்கும். வெந்நீரும் சொரசொரப்பான நாரும் வேண்டாம். நகங்களை ஒட்ட வெட்டிக்கொள்க.

மாதம் ஒருமுறை, பகல் வெளிச்சத்தில், திட்டுகளின் அருகில் ஓர் அளவுகோலை வைத்துக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்தால், சிகிச்சை பயனளிக்கிறதா என்பதை மருத்துவர் எளிதில் ஒப்பிட முடியும். இப்படங்களைப் பிறருக்குப் பகிர வேண்டாம்.

பராமரிப்பவருக்கு இன்னொரு வேண்டுகோள். தோலில் திட்டு உள்ளவரை ஊரார் விலக்குவது நம் பகுதியில் இன்னும் மறையவில்லை. தட்டையும் பாயையும் தனியே வைப்பது நோயாளிக்கு எந்தப் பாதுகாப்பையும் தருவதில்லை. அவரைச் சிகிச்சையிலிருந்து விலகி ஒளியச் செய்கிறது.

எங்குச் செல்வது, செலவு என்ன?

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ அரசு மருத்துவமனைக்கோ சென்று, 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் உள்ள தோல் நோய்ப் பிரிவிற்குப் பரிந்துரைக் கடிதம் பெறலாம். நேரடியாகவும் செல்லலாம். தேவைக்கேற்பத் திருநெல்வேலி, மதுரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கு அனுப்பப்படுவர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியால் 1954இல் தொடங்கப்பட்ட சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், காஞ்சிபுரம் காரப்பேட்டை அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை ஆகியவை உயர்சிகிச்சைக்கான இடங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைகள் பல அடங்கும். அட்டை இல்லாதோர் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தை அணுகலாம். குறிப்பிட்ட சிகிச்சை திட்டத்தில் உள்ளதா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு அலுவலரிடம் சிகிச்சை தொடங்குமுன் உறுதிசெய்க. சிகிச்சைக்காகச் சென்னைக்கு முத்துநகர் விரைவு வண்டியில் செல்லும் புற்றுநோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் தொடர்வண்டிக் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான படிவத்தை மருத்துவமனையில் கையொப்பம் பெற்று, பயணச்சீட்டு எடுக்கும்போது முன்பதிவு மையத்தில் தர வேண்டும். ஐயங்களுக்கு 104 என்னும் எண்ணில் மருத்துவ ஆலோசனை பெறலாம்.

திட்டுகள் முற்றிலும் மறைந்த பின்னும் நோய் திரும்பி வரலாம். திரும்பி வந்தாலும் முன்பு பயனளித்த அதே சிகிச்சை பெரும்பாலும் மீண்டும் பயனளிக்கும். தொடக்க நிலை நோயாளிகள் ஆறு மாதத்திற்கு ஒருமுறையும், முற்றிய நிலையில் உள்ளோர் மருத்துவர் குறிப்பிடும் குறுகிய இடைவெளியிலும் பரிசோதனைக்கு வர வேண்டும். வரும்போது திசு ஆய்வு அறிக்கைகள் அனைத்தையும், முதல் அறிக்கை உட்பட, ஒரே உறையில் கொண்டுவரவும்.